12 ஆண்டு படுக்கையில் கிடந்த கூடைப்பந்து வீரர்! கைவிடாத தோழர்

அமெரிக்காவில் கூடைப்பந்து ஆட்டக்காரர் என்றால் இன்று கோடீசுவரர். ஆனால் அதே லீக்கில் முன்னணி ஆட்டக்காரர் ஒருவர் அடிபட்டு விழுந்தபோது ஆஸ்பத்திரி பில் கட்ட வழியில்லாமல் போன காலமும் உண்டு.

அவர் பெயர் மாரிஸ் ஸ்டோக்ஸ்.

உருக்காலைத் தொழிலாளி மகன்

பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் நகரை ஒட்டியது ராங்கின் என்ற ஊர். எங்கு பார்த்தாலும் உருக்காலைப் புகை. 1933ம் ஆண்டு ஜூன் 17ந் தேதி ஸ்டோக்ஸ் அங்கே பிறந்தார். தந்தை ஆலைத் தொழிலாளி. தாய் வீட்டு வேலை செய்தவர். கறுப்பர் இனக் குடும்பம்.

லொரெட்டோ என்ற சின்ன ஊரில் உள்ள செயின்ட் பிரான்சிஸ் கல்லூரியில் அவர் படித்தார். 1955ல் நியூயார்க்கில் நடந்த அழைப்புப் போட்டியில் இந்தக் கல்லூரிக்கு 4வது இடம்தான் கிடைத்தது. ஆனாலும் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் பட்டத்தை ஸ்டோக்ஸ் தட்டிக்கொண்டு போனார்!

8 கிளப் இருந்த காலம்

என்.பி.ஏ. லீக் அப்போது இவ்வளவு பெரிசு இல்லை. 1946ல் ஆரம்பித்து, 1949ல் போட்டி லீக்கோடு சேர்ந்து இந்தப் பெயரை வைத்துக்கொண்டது. 1950ல்தான் கறுப்பர்கள் முதன்முதலாகக் களம் இறங்கினார்கள். 1955ல் இருந்தவை 8 கிளப்கள். இன்று 30.

ரோசெஸ்டர் ராயல்ஸ் கிளப் ஸ்டோக்சை எடுத்தது. நியூயார்க் அணியோடு முதல் ஆட்டம். 32 பாயிண்டு எடுத்தார். கூடையில் விழாமல் தெறித்த பந்தை 20 தடவை எம்பிப் பிடித்தார். 6 அடி 7 அங்குல உயரம், அதற்கேற்ற பருமன். அந்த உடம்பை வைத்துக்கொண்டு சின்னப் பையன் மாதிரி பந்தை ஓட்டிக்கொண்டு ஓடுவார். அப்படி ஓர் ஆளை லீக் அதுவரை பார்த்ததில்லை.

அந்த சீசனின் சிறந்த புதுமுகம் அவர்தான். அடுத்த சீசனில் தெறித்த பந்தை 1,256 தடவை பிடித்து லீக் சாதனை. 1957ல் கிளப் சின்சினாட்டி நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. ஸ்டோக்சும் கூடவே போனார்.

தலையில் அடி

1958ம் ஆண்டு மார்ச் 12ந் தேதி. மின்னியாபொலிசில் சீசனின் கடைசி லீக் ஆட்டம். கூடையை நோக்கிப் பாய்ந்த ஸ்டோக்ஸ் மோதி விழுந்தார். தலை தரையில் இடித்தது. நினைவு போய்விட்டது.

மூக்கில் மருந்தைக் காட்டி எழுப்பினார்கள். எழுந்தவர் திரும்பவும் ஆடினார்! இந்தக் காலமாக இருந்தால் டாக்டர்கள் களத்துப் பக்கமே விட்டிருக்க மாட்டார்கள்.

மூன்று நாள் கழித்து டெட்ராய்ட்டில் ஆட்டம். அதிலும் ஆடினார். ராத்திரி விமானத்தில் ஊர் திரும்பும்போது வலிப்பு வந்தது. இறங்கியதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். அதற்குள் மயக்கம் முற்றிவிட்டது.

கண் விழித்தபோது கை, கால் அசையவில்லை. பேச்சும் இல்லை. அறிவு மட்டும் தெளிவாக இருந்தது. வயது 24.

யார் பணம் கட்டுவது?

வைத்தியச் செலவு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் ஆகும் என்று கணக்கு. இப்படி விழுந்தவரைத் தாங்க லீக்கில் எந்த ஏற்பாடும் கிடையாது. பெற்றோர் தொலைவில் பிட்ஸ்பர்க்கில் இருந்தார்கள். தன் பெயரில் பாங்கியில் கிடந்த பணத்தை எடுக்கக்கூட ஸ்டோக்சால் கையெழுத்துப் போட முடியாது.

அப்போது முன்னால் வந்தவர் ஜாக் ட்வைமன். அதே அணியில் ஆடியவர். வெள்ளையர். வயது 23. அவருக்கும் பிட்ஸ்பர்க்தான் சொந்த ஊர். கோர்ட்டுக்குப் போய் ஸ்டோக்சுக்குச் சட்டப்படி காப்பாளர் ஆனார். கறுப்பர் உரிமைச் சட்டம் வர இன்னும் 6 ஆண்டு இருந்த நேரம் அது.

சீசன் இல்லாத மாதங்களில் ட்வைமன் இன்சூரன்ஸ் வேலை பார்த்தவர். அந்த அனுபவம் கைகொடுத்தது. ஆலையில் அடிபட்டவனுக்கு நஷ்டஈடு உண்டு என்றால், பந்து ஆடிச் சம்பாதிப்பவனும் தொழிலாளிதானே! வேலையில் ஏற்பட்ட காயம் என்று வழக்காடி நஷ்டஈடு வாங்கிக் கொடுத்தார்.

அதுவும் போதவில்லை. நியூயார்க் மாநிலத்தில் கட்ஷர் என்ற ஓட்டலில் ஆண்டுதோறும் உதவி ஆட்டம் நடத்தினார். வில்ட் சேம்பர்லின் போன்ற பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் வந்து ஆடினார்கள். வசூல் ஸ்டோக்சுக்குப் போனது.

கண் இமையால் பேச்சு

முதலில் இருவரும் பேசிக்கொண்ட விதமே தனி. ட்வைமன் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டே போவார். வேண்டிய எழுத்து வந்ததும் ஸ்டோக்ஸ் கண் சிமிட்டுவார். எழுத்தைச் சேர்த்தால் சொல். ஒரு வாக்கியம் முடிய எவ்வளவு நேரம் ஆகும்!

ஸ்டோக்ஸ் சும்மா படுத்திருக்கவில்லை. தினமும் விடாமல் பயிற்சி செய்தார். கொஞ்சம் கொஞ்சமாக விரல் அசைந்தது. டைப் அடிக்கக் கற்றுக்கொண்டார். தட்டுத் தடுமாறிப் பேச்சும் வந்தது.

இடையில் ட்வைமன் ஆட்டத்தையும் விடவில்லை. 1959-60 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 31 பாயிண்டுக்கு மேல் எடுத்தார். ஆட்டக்காரர்கள் தங்களுக்கும் பென்ஷன் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். 1964ல் பாஸ்டன் நட்சத்திர ஆட்டத்தன்று களத்துக்கு வர மறுத்து அறையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். லீக் பணிந்தது.

கல்லூரியிலேயே கல்லறை

1970ம் ஆண்டு ஏப்ரல் 6ந் தேதி ஸ்டோக்ஸ் மாரடைப்பால் காலமானார். வயது 36. அவர் விருப்பப்படி படித்த கல்லூரி வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். 1973ல் அவர் கதை சினிமாவாகவும் வந்தது. கட்ஷர் ஓட்டல் ஆட்டம் நிற்கவில்லை. வறுமையில் வாடிய பழைய ஆட்டக்காரர்களுக்காகத் தொடர்ந்து நடந்தது.

ஆடியது மூன்றே சீசன். அதற்குரிய மரியாதை தாமதமாகத்தான் வந்தது. 2004ல் கூடைப்பந்துப் புகழ் மன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். மேடையேறி அதை வாங்கிக்கொண்டவர் ட்வைமன். அப்போது அவருக்கு வயது 70. 2012ல் அவரும் மறைந்தார்.

மறு ஆண்டு லீக் ஒரு விருது ஏற்படுத்தியது. அணித் தோழருக்கு உற்ற துணையாக நிற்கும் ஆட்டக்காரருக்கு ஒவ்வோர் ஆண்டும் தரப்படுகிறது. விருதின் பெயரில் ட்வைமன், ஸ்டோக்ஸ் இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கின்றன.