மண் சுமந்த மேதை

1934 ஜனவரி 15 அன்று பீகாரை உலுக்கிய பூகம்பம் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. விளைநிலங்களில் மணல் பீறிட்டது. நிலமட்டம் மாறியதால் பல கிராமங்கள் வெள்ளத்துக்கு இரையாயின. அத்துயர் துடைக்கக் கடல் கடந்து வந்தார் சுவிட்சர்லாந்தின் பியர் செரசோல் (1879-1945).

தந்தை அந்நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கியவர். மகன் கணிதம் கற்ற பொறியாளர். எனினும் அவர் பரம்பரைச் சொத்தைத் துறந்தார். ராணுவ வரி செலுத்த மறுத்துச் சிறை சென்றார். முதல் உலகப்போரில் அழிந்த பிரெஞ்சு கிராமமொன்றைச் சீரமைக்க, 1920-இல் பகைநாட்டவரையும் தோழர்களாக்கினார். சர்வதேசத் தொண்டர் இயக்கம் அவ்வாறு பிறந்தது.

பீகாரில் ராஜேந்திர பிரசாத்தின் நிவாரணக் குழுவுடன் இணைந்து, மேட்டுநிலத்தில் புதிய ஊர்களை எழுப்பினார். ஐம்பத்தைந்து வயதைக் கடந்தும் தாமே மண் வெட்டினார், சுமந்தார். அவ்வூர்களுள் ஒன்றின் பெயர் சாந்திபூர்.

ஆயுதம் ஏந்த மறுத்த கரங்கள் மண்வெட்டியை ஏந்தின. அகிம்சை அங்கே வழிபாடாயிற்று.