வாளேந்திய சிராவகர் சாமுண்டராயர்

ஜவ்வாது மலையடிவாரத்தில் அமைந்த ஒடுகத்தூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் படைத்தொழில் புதியதன்று. ஆம்பூரிலும் செங்கம் வட்டாரத்திலும் நிற்கும் நடுகற்கள் ஆநிரை மீட்டும் ஊரைக் காத்தும் உயிர் துறந்த வீரரின் நினைவைத் தாங்கியவை. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில், தன் தலைவன் வீழ்ந்தபோது கள்வரை எதிர்த்து நின்ற கோவிவன் என்னும் நாய்க்கும் கல்லில் இடம் கொடுத்துள்ளனர். அம்மரபு இன்றும் அறுபடவில்லை. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை, வீட்டுக்கு வீடு படைவீரரை அனுப்பியமையால் இராணுவப்பேட்டை என்றே பெயர் பெற்றுவிட்டது.

இத்தகைய நாட்டில் வாழும் நம் சிராவகக் குடும்பங்களில், மகனோ பேரனோ படையிற் சேர விரும்பும்போது பெரியோர் தயங்குவது இயல்பே. எறும்புக்கும் வழிவிட்டு நடக்கக் கற்பித்து வளர்த்த பிள்ளை துப்பாக்கி ஏந்தலாமா? அணுவிரதம் பூண்ட இல்லத்தார் எதிரியின் உயிரைக் கவர்ந்த கையால் ஜினாலயத்தில் மலரிட இயலுமா? இவ்வினாவை நூற்பொருளாக ஆராய்வதினும், அதனை வாழ்ந்தே காட்டிய ஒருவரின் வரலாற்றை நோக்குவது பயன் தரும். அவர்தாம் கங்க நாட்டு அமைச்சரும் சேனாபதியுமாகிய சாமுண்டராயர்.

கங்கர் நமக்கு அயலார் அல்லர். காட்பாடிக்கு வடக்கேயுள்ள வள்ளிமலைக் குகையில் ஜினாலயத்தை அமைத்தவன் கங்க மன்னன் இராசமல்லன் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. 949ஆம் ஆண்டில் தக்கோலத்தில் நடந்த பெரும்போரில் சோழ இளவரசன் இராசாதித்தனை யானைமேல் வீழ்த்தியவன் கங்கன் பூதுகன். அப்பூதுகனின் மகனான மாரசிம்மனிடமே சாமுண்டராயர் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் விளங்கினார். பிரமக்ஷத்திரிய குலத்தவர் எனப் போற்றப்பட்ட இவரை, அண்ணன் என்றும் இராயர் என்றும் கோம்மடர் என்றும் மக்கள் அன்போடு அழைத்தனர்.

அவருடைய காலம் அமைதியான காலமன்று. 973இல் சளுக்கிய தைலபன் இராட்டிரகூடப் பேரரசைக் கவிழ்த்தான். அவ்வரசுக்குத் துணைநின்ற கங்கர்கள் தனிமரமாயினர். மாரசிம்மன் தன் மருகன் நான்காம் இந்திரனை மீண்டும் அரியணை ஏற்ற முயன்றும் பயனில்லை. முடிவில் அம்மன்னன் அரசைத் துறந்து, பங்காபுரத்தில் அஜிதசேன ஆசாரியரின் திருவடி நிழலில் சல்லேகனை நோன்பேற்று உடல் நீத்தான். வாகையும் தோல்வியும் கண்ட வேந்தன் ஒருவன் வாளை வைத்துவிட்டு வடக்கிருந்து முடிந்ததை அருகிருந்து அறிந்தவர் சாமுண்டராயர். அவருக்கும் அஜிதசேனரே குரு. இந்திரனும் 982இல் சிரவணபெளகுளத்தில் அவ்வாறே நோன்பிருந்து மறைந்தான்.

மன்னன் மறைந்தபின் நாடு கலங்கிற்று. உறவினரும் மாற்றாரும் அரியணைக்குப் போட்டியிட்டனர். படை முழுதும் சேனாபதியின் சொற்கேட்டு நிற்கையில் மன்னன் வலிகுன்றியிருந்தால் யாது நிகழும் என்பதை வரலாறு பலமுறை காட்டியிருக்கிறது. சாமுண்டராயரோ அவ்வழியை நாடவில்லை. உரியவனாகிய நான்காம் இராசமல்லனை அரியணையில் நிலைநிறுத்தி, அவனுக்கு அமைச்சராகவே அமைந்தார். போர்க்களத்தில் வென்ற பட்டங்கள் அனைத்தினும் இச்செயலையே நான் பெரிதாக எண்ணுகிறேன். கையில் வலிமை இருந்தும் தனக்குரியதல்லாததைத் தீண்டாமையன்றோ திருடாமை என்னும் விரதம்? ஒரு பொற்காசை எடுக்காதிருப்பதும் ஒரு நாட்டை எடுக்காதிருப்பதும் விரதத்தால் ஒன்றே, சோதனையால் ஒன்றல்ல.

அவர் செய்த போர்களை அவரே தம் நூலில் குறித்துள்ளார். வஜ்ஜலதேவனை வென்றமைக்குச் சமரதுரந்தரர். கோனூர்க் களத்தில் நுளம்பரை எதிர்த்தமைக்கு வீரமார்த்தாண்டர். உச்சங்கிக் கோட்டையில் இராசாதித்தன் என்பானோடு பொருதமைக்கு இரணரங்கசிங்கர். இப்பெயர் தாங்கியவன் தக்கோலத்தில் மடிந்த சோழன் அல்லன், வேறொருவன். பாகேயூர்க் கோட்டையில் திரிபுவனவீரனை வீழ்த்தியமைக்கு வைரிகுலகாலதண்டர் என்றும் பெயர் பெற்றார். இவ்வாறு நீளும் வரிசையின் ஊடே வேறு வகைப் பட்டங்களும் வருகின்றன. விளையாட்டாகவும் பொய் கூறாதவர் ஆதலின் சத்திய யுதிஷ்டிரர். பிறர் மனையையும் பிறர் பொருளையும் விரும்பாதவர் ஆதலின் சௌசாபரணர். நற்காட்சியின் கடல் ஆதலின் சம்யக்துவரத்னாகரர்.

களத்தின் பட்டங்களும் விரதத்தின் பட்டங்களும் ஒரே மனிதருக்கு ஒரே வரிசையில் வழங்கப்பட்டதை ஊன்றி நோக்க வேண்டும். அக்காலத்துப் படைகள் ஊர்களைக் கடந்து சென்றபோது மக்கள் அஞ்சியது யாதினை? பொருள் கொள்ளை, பெண்டிர்க்கு நேரும் தீங்கு, அடைக்கலம் என உறுதி கூறிப் பின் பொய்த்தல் ஆகிய மூன்றையுமே. சேனாபதியின் விரதப் பட்டங்கள் அம்மூன்றுக்கும் நேர்எதிரானவை. இல்லத்தில் இருக்கும் வணிகனுக்குத் திருடாமை எளிது என்று கூறிவிடலாம். வென்ற ஊரின் பண்டசாலை திறந்து கிடக்கையில், கேட்பாரின்றி நிற்கும் படைத்தலைவனுக்கு அது பெருந்தவம்.

இனி முதல் விரதமாகிய கொல்லாமைக்கு வருவோம். நம் ஆன்றோர் ஹிம்சையை நால்வகையாகப் பகுத்தனர் என்பதைச் சிராவகர் அறிவர். வேண்டுமென்றே எண்ணிச் செய்வது சங்கல்ப ஹிம்சை. அடுப்பெரித்தல் முதலிய இல்லப் பணியில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு முதலிய தொழிலில் நேர்வது உத்தியோக ஹிம்சை. தாக்க வந்தவனைத் தடுக்கையில் நேர்வது விரோத ஹிம்சை. முனிவர் நான்கினையும் துறப்பர். இல்லறத்தார் முதலாவதை முற்றிலும் துறந்து, ஏனையவற்றை இயன்ற அளவு குறைத்து வாழ்வர். ஆகவே நாட்டைக் காக்க எதிர்த்து நிற்கும் வீரன் விரதத்தை இழந்தவன் ஆகான். வீழ்ந்தவனைக் குத்துவதும், சரணடைந்தவனை வதைப்பதும், ஆயுதமற்றவனைச் சுடுவதும் சங்கல்ப ஹிம்சையே. எந்தக் கொடியும் எந்த ஆணையும் அவற்றை விரோத ஹிம்சையாக மாற்றிவிடா.

இது பிற்காலத்தார் தேடிக்கொண்ட சமாதானம் அன்று. சாமுண்டராயருக்குச் சற்று முற்பட்ட சோமதேவ சூரி, 959இல் நிறைவுற்ற தம் யசஸ்திலகம் என்னும் பெருநூலில், போரில் ஆயுதத்தோடு எதிர்நிற்பவன்மீதும் நாட்டுக்கு முள்ளாக இருப்பவன்மீதும் மட்டுமே மன்னர் படைக்கலம் எடுப்பர் என்றும், எளியார்மீதும் நல்லெண்ணம் உடையார்மீதும் எடார் என்றும் கருத்துரைத்தார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்து, இரண்டாம் உலகப் போரின் பேரழிவைக் கண்ட நாடுகள் 1949இல் ஜெனீவாவில் கூடி, காயமுற்றோரையும் போர்க் கைதிகளையும் குடிமக்களையும் வதைத்தல் ஆகாது என்று உடன்படிக்கைகள் செய்தன. அவற்றைச் செயற்படுத்த இந்தியா 1960இல் தனிச்சட்டமே இயற்றிற்று. இன்று நம் படையிற் சேரும் இளைஞனைக் கட்டுப்படுத்தும் அவ்விதிகள், அவன் பாட்டி கற்பித்த விரதத்திற்கு மாறானவை அல்ல.

ஆயினும் சாமுண்டராயரின் வாழ்வில் நம்மைத் தடுத்து நிறுத்தும் ஓரிடம் உண்டு. அதனை மறைத்து எழுதுவது முறையாகாது. அவர்தம் இளவல் நாகவர்மரை முதுராசையன் என்பவன் கொன்றான். சலதங்க கங்கன் என்றும் பட்டம் தாங்கியவன் அவன். சாமுண்டராயர் அவனைக் கொன்றார். சமரபரசுராமர் என்று பெயர் பெற்றார். முதுராசையன் அரசுக்கும் பகைவனே எனலாம். எனினும் பட்டமே உண்மையைக் காட்டிக்கொடுக்கிறது. தந்தையைக் கொன்றமைக்காக அரச குலங்களைத் தேடித்தேடி அழித்தவன் பெயரன்றோ பரசுராமன் என்பது? நாடு காத்த செயலாயின் இப்பெயர் பொருந்தாது. பழி தீர்த்த செயலாயின் விரோத ஹிம்சை என்னும் எல்லைக்குள் அது அடங்குமா என்பது ஐயமே. கடமையும் சினமும் ஒரே வாளைப் பற்றிய கணம் அது. படைத்தொழில் செய்வோர்க்கு மிகக் கொடிய சோதனை அஞ்சி ஓடுவதா நிற்பதா என்பதன்று. உடன் நின்ற தோழனோ உடன்பிறந்தவனோ வீழ்ந்த பின்னர் கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதே.

978இல் சாமுண்டராயர் கன்னட உரைநடையில் அறுபத்துமூன்று சலாகா புருஷர் வரலாற்றை எழுதி முடித்தார். சாமுண்டராய புராணம் என வழங்கும் அந்நூல், கன்னடத்தில் நமக்குக் கிடைத்துள்ள தொன்மையான உரைநடை நூல்களுள் ஒன்று. வடமொழியில் இல்லறத்தார், துறவியர் ஒழுக்கம் கூறும் சாரித்திரசாரத்தையும் இயற்றினார். கவிஞர் இரன்னரை ஆதரித்து வளர்த்தார். அக்கவிஞர் தம் மகனுக்கு இராயன் என்றே பெயரிட்டு நன்றி செலுத்தினார். நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி இவருக்காகவே கோம்மடசாரத்தை அருளினார்; நூலின் பெயரிலேயே மாணவரின் பெயர் அமைந்தது. அதற்குச் சாமுண்டராயர் வரைந்த கன்னட உரைக்கு வீரமார்த்தாண்டி என்று பெயர். நுளம்பரோடு பொருது பெற்ற பட்டம், வினைகளின் கட்டும் வீடும் கூறும் நூலின் உரைக்குப் பெயராயிற்று.

இவ்வாறு எழுதியும் கற்றும் இருந்த சேனாபதி, சிரவணபெளகுளத்து விந்தியகிரியின் உச்சியில் ஒரே பாறையில் ஏறத்தாழ 58 அடி உயரத்தில் பாகுபலியின் திருவுருவத்தை அமைப்பித்தார். 981 என்பது வழக்கமாகக் கூறப்படும் ஆண்டு. அன்னை காளலாதேவியின் வேண்டுதலே காரணம் என்பது மரபுவழிச் செய்தி. இருபத்துநான்கு தீர்த்தங்கரர் இருக்க, போர்வீரர் ஒருவர் தீர்த்தங்கரர் அல்லாத பாகுபலியைத் தேர்ந்தது ஏன்?

பாகுபலியின் வரலாறு அண்ணன் தம்பியரின் போர் வரலாறு. பரதனுடைய சேனையும் தம்பியின் சேனையும் எதிரெதிர் நின்றபோது, எண்ணற்றோர் மடிய வேண்டா என்று அமைச்சர்கள் தடுத்தனர். உடன்பிறந்தார் இருவர் மட்டும் பார்வையாலும் நீராலும் மற்போராலும் பொருதனர். மூன்றிலும் வென்றவன் பாகுபலி. தோளுக்குமேல் தூக்கிய தமையனைத் தரையில் மோதாமல் விட்டான். தோற்ற தமையன் சக்கரத்தை ஏவினான். அதுவும் தீங்கு செய்யவில்லை. வென்ற நாட்டைத் தமையனிடமே விடுத்து, ஓராண்டு அசையாது நின்று தவம் செய்தான். கொடிகள் உடலைப் பற்றின, புற்றுகள் காலடியில் எழுந்தன. தம்பியைப் பறிகொடுத்துப் பழிவாங்கிய ஒருவர், பழிவாங்கும் வேளையில் கையைத் தளர்த்திய ஒருவனைக் கல்லில் எழுப்பினார் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. இஃது என் எண்ணமே. கல்வெட்டு இதனைக் கூறவில்லை.

திருமுழுக்கின்போது நிகழ்ந்ததாக வழங்கும் கதையையும் அன்பர்கள் அறிந்திருப்பர். சேனாபதி குடங்குடமாகப் பால் வார்த்தும் அது திருவுருவத்தின் தொடைக்குக் கீழே இறங்கவில்லை. ஏழை மூதாட்டி ஒருத்தி சிறு காயின் ஓட்டில் கொணர்ந்த பால் திருவடி வரை வழிந்து மலையையும் நனைத்தது. அம்மூதாட்டியின் சிலை இன்றும் பாகுபலிக்கு எதிரே நிற்கிறது. வென்றவர் உள்ளத்தில் செருக்கு எவ்வளவு எளிதில் புகும் என்பதை அறிந்த மக்கள் புனைந்த கதை அது. அதைப் பழித்துரையாக எண்ணி அகற்றாமல் வைத்திருப்பதே அத்தலத்தின் பெருமை.

அதே மலையில் தியாகத பிரமதேவத் தூணில் அவருடைய வெற்றிகள் விரிவாகப் பொறிக்கப்பட்டிருந்தன. இருநூறு ஆண்டுகளுக்குப்பின் ஹெக்கடே கண்ணன் என்பவன் தன் சிறு கல்வெட்டைப் பொறிக்க வேண்டி அதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிட்டான். எஞ்சியவை சில வரிகளே. எதிர்நிற்கும் சந்திரகிரியில் அவர் பெயரால் விளங்கும் ஜினாலயத்தின் மேல்தளத்தில் மகன் ஜினதேவணர் பார்சுவநாதரை எழுந்தருளச் செய்தார்.

பிற்காலத்தில் ஹொய்சள சேனாபதி கங்கராசர், சோழரிடமிருந்து தலைக்காட்டை மீட்டார். வேண்டியது கேள் என்று மன்னன் விஷ்ணுவர்த்தனன் கூறியபோது, ஜினாலயத்திற்கு ஓர் ஊரையே கேட்டுப் பெற்று வழங்கினார்; பாகுபலியைச் சுற்றி மதிற்சுற்றும் எடுப்பித்தார். சாமுண்டராயர் இட்ட வழியில் நடந்தவர் அவர்.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் மகாமஸ்தகாபிஷேகத்திற்கு 1981, 1993, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்தும் நம்மவர் சென்று வந்துள்ளனர். அடுத்த முறை செல்வோர் திருவுருவத்தின் காலடியைக் குனிந்து நோக்குக. கன்னடத்திலும் மராட்டியத்திலும் உள்ள வரிகளோடு, வட்டெழுத்தும் கிரந்தமும் கலந்து தமிழிலும் ஒரு வரி உண்டு. சாமுண்டராசர் இதனைச் செய்வித்தார் என்ற செய்தி மட்டுமே அதில் உள்ளது. சமரதுரந்தரரும் இல்லை, வீரமார்த்தாண்டரும் இல்லை, சமரபரசுராமரும் அங்கு இல்லை.