மெழுகுவர்த்தியும் மைக்கேல் பாரடேயும்

மின்விசிறியின் கீழ் அமர்ந்து இம்மலரைப் புரட்டும் அன்பர்கள், மின்சாரத்தால் ஒரு பொருளை இடைவிடாது சுழலச் செய்யலாம் என முதன்முதலில் காட்டியவர் புத்தகம் கட்டும் தொழிலாளியாய் இருந்தவர் என்பதை அறிவார்களோ, என்னவோ!

மைக்கேல் பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இலண்டனை அடுத்த நியூவிங்டன் பட்ஸில் பிறந்தார். தந்தையார் நோயுற்ற கொல்லர். எழுத்தும் படிப்பும் சிறிது கணக்குமே பள்ளியில் கிடைத்தவை. பதினான்காம் வயதில் ரீபோ என்பவரின் கடையில் பைண்டிங் தொழில் பழகச் சேர்ந்து, ஏழாண்டுகள் உழைத்தார். கட்ட வந்த நூல்களைக் கட்டியதோடு விடாமல் படித்தும் பார்த்தார். மின்சாரம் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையும், மார்செட் அம்மையாரின் இரசாயன நூலும் அவர் உள்ளத்தைப் பிணித்தன. விஞ்ஞானச் சொற்பொழிவு ஒன்றுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். அதைக் கொடுத்து உதவியவர் கொல்லுத் தொழில் செய்த தமையனார் இராபர்ட்.

1812-இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் தந்த சீட்டினால், ராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்ப்ரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, அழகாக எழுதி, தம் கையாலேயே கட்டி டேவிக்கு அனுப்பி வேலை கேட்டார். புத்தகத் தொழிலையே பார்க்குமாறு டேவி அறிவுரை கூறிவிட்டார். ஆனால் அங்கிருந்த உதவியாளன் ஒருவன் அடிதடியில் இறங்கி வேலையிழக்கவே, 1813 மார்ச்சில் அவ்விடம் பாரடேக்குக் கிடைத்தது.

1821-இல், பாதரசத்தில் முனை தோய்ந்த கம்பியொன்றை மின்சாரத்தால் காந்தத்தைச் சுற்றிச் சுழலச் செய்தார். மின் மோட்டாரின் பிறப்பு அதுவே. அதனால் பெருமையோடு வம்பும் வந்தது. வொல்லாஸ்டன் என்னும் பெரியாரின் கருத்தைத் திருடினார் எனச் சிலர் பழி தூற்றினர். ராயல் சொசைட்டியின் உறுப்பினராக அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, தலைவராயிருந்த டேவியே தடுக்க முயன்றார். 1824-இல் ஒரே ஓர் எதிர் வாக்குடன் பாரடே தேர்வானார். வளர்த்த கையே மறித்தது நமக்கு இன்றும் வருத்தந் தருவதே. ஆயினும் பாரடே டேவியைப் பழித்துத் திரிந்தாரல்லர்.

1831 ஆகஸ்டு 29-இல் இரும்பு வளையமொன்றின் இருபுறமும் கம்பி சுற்றினார். ஒரு புறம் மின்சாரத்தைச் செலுத்தும் நொடியிலும் நிறுத்தும் நொடியிலும் மட்டுமே மறுபுறத்தில் மின்னோட்டம் தோன்றி மறைந்தது. காந்தம் நிற்பதில் பயனில்லை, மாறவேண்டும், அசையவேண்டும்! தெருமுனை டிரான்ஸ்பார்மரும், மின்நிலையத்து டைனமோவும் இவ்வுண்மையின் வழிவந்தவையே. 1925-இல் பம்பாயில் முதல் மின்சார ரயில் ஓடியதும் இதனாலேயே. இத்தனைக்கும் உயர்கணிதம் அவருக்கு வராது. கணக்கில் தடுமாறும் நம் போன்றோர்க்கு இது பெரிய ஆறுதல்.

சிறுவர்க்கெனக் கிறிஸ்துமஸ் காலத்தில் அவர் ஆற்றிய விரிவுரைகளுள் மெழுகுவர்த்தி பற்றியவை தலையாயவை. மேலெழும் காற்று வர்த்தியின் ஓரத்தைக் குளிர்விப்பதால் விளிம்பு உருகாமல் நிற்க, நடுவில் உருகிய மெழுகு கிண்ணத்தில் நிற்பது போல் நிற்கிறது. துண்டின் ஒரு முனை நீரில் பட்டால் ஈரம் மேலேறுவது போல, அம்மெழுகு திரியில் ஏறுகிறது. எரிவது மெழுகன்று, அதன் ஆவி! சுடரின் நடுவிலுள்ள கருமையான பகுதியில் கண்ணாடிக் குழாயை வைத்தால், ஆவி வெளிவந்து மறுமுனையில் தீப்பற்றும். ஒளி தருவது எது? பழுக்கக் காய்ந்த கரித்துகள்கள். சுடரில் கரண்டியைக் காட்டினால் படியும் புகைக்கரி அதுவே. எரிந்தபின் எஞ்சுவன நீராவியும் கரியமிலவாயுவும். நம் மூச்சில் வெளிவருவனவும் அவையே. உண்ட உணவு உடலுள் மெல்ல எரிகிறது என்பதை அச்சிறுவர்கள் ஒரு வர்த்தியைக் கொண்டே உணர்ந்தனர்.

கிரிமியப் போரின்போது நச்சுப்புகை செய்ய அரசாங்கம் உதவி நாடியது, மறுத்துவிட்டார். சர் பட்டத்தையும் ராயல் சொசைட்டித் தலைமையையும் ஏற்கவில்லை. விக்டோரியா அரசியார் அளித்த ஹாம்ப்டன் கோர்ட் இல்லத்தில், 1867 ஆகஸ்டு 25-இல் நாற்காலியில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார். ஹைகேட் இடுகாட்டில் அவருடைய கல்லறைக் கல்லில் பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளுமே பொறிக்கப்பட்டுள்ளன.