கனிஷ்காவோடு போன தோல் விஞ்ஞானி

கோட்-டெ-நெய்ஜில் குடியிருக்கும் நம்மில் பலருக்கு ஒரு விஷயம் தெரியாது. 19ஆம் நூற்றாண்டில் இது தோல் பதனிடுகிறவர்களின் கிராமம். ஓடைத் தண்ணீரை நம்பி இங்கே டேனரிகள் நடந்தன. அதே தொழிலைச் சென்னையில் விஞ்ஞானமாக வளர்த்தவர் ஒருவரின் முடிவும் மொன்றியலோடு பிணைந்திருக்கிறது. அவர் எலவர்த்தி நாயுடம்மா. பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம்.

1922இல் தெனாலி பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். காசியில் ரசாயனம் படித்தார். படித்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிப்போன தோல் தொழிலைத் தானே தேடிப் போனார். அமெரிக்காவில் லீஹை பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி முடித்துச் சென்னை திரும்பினார். 1958இல் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானார்.

பச்சைத்தோலும் ஒரு வகை ஜெல்தான். கொலாஜன் என்னும் நீள மூலக்கூறுகள் பின்னிய வலை அது. சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டால் அந்த இழைகளில் ஒரே வகை மின்னூட்டம் ஏறி, ஒன்றையொன்று தள்ளும். வலை தண்ணீரை இழுத்து உப்பிவிடும். அடுத்து வருவது ஆவாரம்பட்டைச் சாறு. அதிலுள்ள டானின் பெரிய மூலக்கூறு. அது இழைகளைப் பிடித்துக் கட்டும்போது தண்ணீர் வெளியேறும். எடுத்த எடுப்பிலேயே கெட்டிச் சாற்றில் போட்டால் மேல்பக்கம் இறுகி அடைத்துக்கொள்ளும், நடுப்பக்கம் பச்சையாகவே நிற்கும். அதனால்தான் முதலில் நீர்த்த சாறு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டி.

வாணியம்பாடி, ஆம்பூர் தொழிலாளிகளுக்கு இது தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கம். அந்தக் கைப்பழக்கத்துக்குக் காரணம் கண்டுபிடித்து, கண்டுபிடித்ததைத் திரும்ப டேனரிக்கே கொண்டுபோவதுதான் ஆய்வுக்கூடத்தின் வேலை என்று நாயுடம்மா நினைத்தார். தாளில் முடிந்துபோகிற ஆராய்ச்சி அவருக்குப் போதவில்லை. 1971இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே ஆண்டு இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பும் வந்தது.

1985 ஜூன் 23. மிராபெல்லில் இருந்து கிளம்பிய ஏர் இந்தியா 182, 'கனிஷ்கா', அயர்லாந்துக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேல் குண்டு வெடித்துச் சிதறியது. இறந்த 329 பேரில் அவரும் ஒருவர்.

இங்கே வளரும் நம்ம பிள்ளைகளுக்குக் கனிஷ்கா என்றால் ஒரு எண்ணிக்கை, ஒரு நினைவுக்கல். அந்த எண்ணிக்கைக்குள் இப்படி ஒரு வாழ்க்கையும் இருந்தது என்று சொல்லிக்கொடுப்போம். ஊர் ஒதுக்கிய தொழிலுக்குள் படித்துவிட்டுப் போனவர் அவர். படிப்பு எதற்கு என்று பிள்ளைகள் கேட்டால் இவரைக் காட்டலாம்.