பார்பியானா மலைப் பாடசாலையின் மிலானி

இடமாற்றம் பெற்றுப் புதிய ஊருக்குச் செல்லும் எவரும் மறுநாளே அவ்வூர் மயானத்தில் தமக்கென நிலம் வாங்குவதில்லை. 1954 டிசெம்பரில், இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்கு அப்பாலுள்ள பார்பியானா என்னும் மலைக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்ட அருட்தந்தை லொறென்சோ மிலானி அதனைத்தான் செய்தார். வீதியோ மின்சாரமோ இல்லாத, ஏறத்தாழ நூறு பேர் மட்டுமே வாழ்ந்த, மூடிவிட எண்ணப்பட்டிருந்த பங்கு அது. 31 வயதுக் குருவானவர் ஒருவரை அங்கு அனுப்புவது தண்டனையன்றி வேறல்ல. தாம் அங்கிருந்து தப்பிச் செல்ல வந்தவரல்லர் என்பதை, ஏழை விவசாயிகளுக்கு அவர் இவ்வாறு உணர்த்தினார்.

1923 மே 27 இல் புளோரன்ஸில் செல்வமும் கல்விச் சிறப்பும் மிக்க குடும்பமொன்றில் பிறந்தவர் மிலானி. தாயார் யூத வம்சாவளியினர். ஓவியம் பயின்றுகொண்டிருந்த இளைஞர், 1943 இல் கத்தோலிக்க நம்பிக்கையை மனமார ஏற்றுக் குருமடம் புகுந்து 1947 இல் குருவானார். கலென்சானோவில் உதவிப் பங்குத் தந்தையாகப் பணியாற்றிய காலத்தில் இளம் தொழிலாளருக்கும் விவசாயிகளுக்கும் இரவுப் பாடசாலை ஒன்றை ஆரம்பித்தார். அக்கால இத்தாலி கத்தோலிக்கர், கம்யூனிஸ்டுகள் என இரண்டுபட்டுக் கிடந்தது. கம்யூனிஸ்ட் வீட்டுப் பிள்ளைகளும் தயக்கமின்றி வரவேண்டும் என்பதற்காக, வகுப்பறைச் சுவரிலிருந்த சிலுவையை மிலானி தம் கையாலேயே அகற்றினார். சமயச் சின்னங்கள் விடயத்தில் நாம் எத்துணை உணர்ச்சிவசப்படுவோம் என்பதை அறிந்த வாசகர்களுக்கு இச்செயலின் கனதியை விளக்க வேண்டியதில்லை. அந்த இளைஞர்களுக்குத் தாம் கற்பித்ததைவிட அவர்களிடம் தாம் கற்றதே அதிகம் என்று பின்னர் எழுதினார். அவ்வனுபவங்களைக் கூறும் அவரது நூல் 1958 இல் வெளியாகி, அதே ஆண்டிலேயே திருச்சபை மேலிடத்தின் உத்தரவினால் விற்பனையிலிருந்து மீளப் பெறப்பட்டது.

பார்பியானாவில் அவரிடம் வந்தோர், அரச பாடசாலைகள் பெயில் ஆக்கி வெளியேற்றிய சிறுவர்களும், ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைகளுமே. தேவாலயத்தை ஒட்டிய அறையே வகுப்பறை. மேசைகளை மாணவரே செய்தனர். அன்றாடப் பத்திரிகை பாடநூலாயிற்று. ஒருவனுக்கு விளங்காதபோது, அவனுக்கு விளங்கும்வரை மற்றையோர் காத்திருந்தனர். மூத்த சிறுவர் இளையோருக்குக் கற்பித்தனர். மலைப் பிள்ளைகளுக்குத் தண்ணீரென்றால் அச்சம். அதனைப் போக்க, அவர்களைக் கொண்டே பாடசாலை அருகில் சிறிய நீச்சல் தடாகமொன்றைக் கட்டுவித்தார். பிற மொழிகளைக் கற்பித்து, பதின்ம வயதினரை வேலை செய்து பிழைத்துக்கொண்டே மொழி பயிலுமாறு வெளிநாடுகளுக்கும் அனுப்பினார். அடுத்த பட்டினத்தையே சரிவரக் காணாத பிள்ளைகள் அவர்கள்.

அவர் இலகுவான ஆசான் அல்லர். விடுமுறை கிடையாது, ஞாயிறும் பாடம், விளையாட்டுக்கு இடமில்லை. இக்கண்டிப்பை இன்று முழுமையாக ஏற்பது கடினம். ஆயினும் தம் வழியே சிறந்ததென அவர் வாளாவிருக்கவுமில்லை. 1963 இல் மாரியோ லோடி என்னும் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் அங்கு வந்தார். அவருடனான உரையாடலிலிருந்தும், அவரது மாணவருடன் நடந்த கடிதப் பரிமாற்றத்திலிருந்தும் கூட்டாக எழுதும் முறை பார்பியானாவில் வேரூன்றியது. ஒவ்வொருவரும் தம் எண்ணங்களைத் துண்டுக் கடதாசிகளில் எழுதுவர். அவற்றை வகைப்படுத்தி, உரத்து வாசித்து, மிகையான சொற்களை வெட்டுவர். ஆசிரியரின் வாக்கியமும் அங்கு வெட்டுக்குத் தப்பவில்லை.

1965 இல், மனச்சாட்சியின் பேரில் இராணுவ சேவையை மறுப்பது கோழைத்தனம் எனப் படைத்துறைக் குருமார் சிலர் விடுத்த அறிக்கையை வகுப்பில் பத்திரிகையில் வாசித்தனர். மாணவருடன் கலந்து மிலானி எழுதிய பதில் அவரை நீதிமன்றத்துக்கு இழுத்தது. புற்றுநோயால் பயணம் செய்ய இயலாத நிலையில், தமது நியாயத்தைக் கடிதமாக எழுதி நீதிபதிகளுக்கு அனுப்பினார். அநீதியான சட்டத்தை எதிர்க்கும் துணிவை மாணவரிடம் எதிர்பார்க்கும் ஆசிரியர் அதற்கான விலையைத் தாமும் செலுத்த வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. 1966 பெப்ரவரியில் விடுதலையானார். மேன்முறையீடு முடிவுற்ற 1968 இல் அவர் உயிருடன் இல்லை. மனச்சாட்சி மறுப்பை இத்தாலியச் சட்டம் ஏற்றது 1972 இல்.

ஆசிரியத் தொழிலுக்கான பாடசாலைக்குச் சென்ற பார்பியானா மாணவர் தோல்வியுற்றதன் விளைவே, 1967 மே மாதம் வெளிவந்த 'ஆசிரியை ஒருவருக்குக் கடிதம்' என்ற நூல். பெயிலாக்கப்படுவோர் பெரும்பாலும் விவசாயிகளின், தொழிலாளரின் பிள்ளைகளே என்பதை மாணவர் எண்மர் புள்ளிவிபரங்களோடு நிறுவினர். நேர்மையாக உழைத்த ஆசிரியர் பலரையும் அந்நூல் புண்படுத்தியது உண்மை. அட்டையில் ஆசிரியர் பெயராக இடம்பெற்றது பார்பியானாப் பாடசாலை. மிலானியின் பெயர் இல்லை. தமிழில் பாவுலோ பிறேரி அறிமுகமான அளவுக்கு இந்நூல் அறிமுகமாகாதது நமது குறையே.

அதே ஆண்டு ஜூன் 26 ஆம் திகதி, தமது 44 ஆவது வயதில், தாயாரின் இல்லத்தில் மிலானி காலமானார். 1954 இல் வாங்கிய நிலத்திலேயே, குருத்துவ உடையுடனும் மலையேறும் சப்பாத்துகளுடனும் அடக்கம் செய்யப்பட்டார். அவரது 1958 ஆம் ஆண்டு நூல் மீதான தடை 2014 இல் நீங்கியது. 2017 ஜூனில் பாப்பரசர் பிரான்சிஸ் அம்மலைக்கு வந்து அக்கல்லறையின் முன் நின்று பிரார்த்தித்தார்.