விரல்வழி வந்த விளக்கம்

ஒன்றுக்கு மேற்பட்ட உடற்குறைபாடுகளோடு வளரும் பிள்ளைகளுக்குப் பாலியல் அறிவு எதற்கு என்னும் கேள்வி இன்றும் பல இல்லங்களில் எழுவதுண்டு. அதற்கு ஹெலன் கெல்லர் அம்மையாரின் வாழ்க்கை தக்க விடை பகரும்.

அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்தில், டஸ்கம்பியா என்னும் சிற்றூரில் 1880 ஜூன் 27 அன்று அவர் பிறந்தார். பத்தொன்பதாம் மாதத்தில் கண்ட கடும்நோய் பார்வையையும் செவிப்புலனையும் ஒருங்கே பறித்துச் சென்றது. 1887 மார்ச் 3 அன்று ஆன் சல்லிவன் என்னும் இருபது வயது நங்கை ஆசிரியையாக வந்து, குழந்தையின் உள்ளங்கையில் தம் விரல்களால் எழுத்துகளை உணர்த்தத் தொடங்கினார். கையில் வழிந்த நீரால் சொல்லும் பொருளும் ஒன்றுபட்ட கதையை யாவரும் அறிவர். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் நிகழ்ந்ததை அறிந்தோர் சிலரே.

உறவினர் இல்லத்தில் ஒரு மகவு பிறந்தது. அது எங்கிருந்து வந்தது, மருத்துவர் அதனை எங்கே கண்டெடுத்தார் என ஏழு வயதுச் சிறுமி விடாது வினவினாள். பிற சிறார் கண்டும் கேட்டும் அரைகுறையாகவேனும் அறிந்துகொள்வர். இவளுக்கோ ஆசிரியையின் விரல்களே உலகின் வாயில். அவ்விரல்கள் பொய்யுரைத்தால் திருத்துவார் யார்? சல்லிவன் உண்மையையே சொல்லத் துணிந்தார். இருவரும் வழக்கமாகப் பாடம் படிக்கும் மரத்தின்மீது அமர்ந்து, செடியின் வாழ்வில் தொடங்கி, விதை, முட்டை, விலங்கின் குட்டி எனப் படிப்படியாக மனிதப் பிறப்பு வரை விளக்கினார். ஆண்பெண் உறவைப் பற்றிய பகுதியை மட்டும் மேலோட்டமாகக் கடந்து சென்றார். உயிர்த்தொடர்ச்சிக்கு அன்பே அடிப்படை என்பதை உணர்த்த முயன்றார்.

அன்று பெற்ற தெளிவு வீண்போகவில்லை. 1904இல் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்ற அம்மையார், 1909இல் லேடீஸ் ஹோம் ஜர்னல் இதழில், நாகரிகம் கருதிப் பலரும் வாய்திறவாத ஒன்றை எழுதினார். கணவனிடமிருந்து மனைவிக்குத் தொற்றும் பால்வினை நோய், பச்சிளங் குழந்தையின் கண்ணைக் குருடாக்குகிறது என்றார். பிறந்தவுடன் கண்ணில் இடும் வெள்ளி நைட்ரேட் சொட்டு மருந்து அக்கேட்டினைத் தடுக்கும் என்பதைத் தாய்மாருக்கு அறிவுறுத்தினார்.

ஆயினும் 1916இல், முப்பத்தாறாம் வயதில், அவருடைய செயலாளராக இருந்த பீட்டர் ஃபேகனும் அவரும் மணம்புரிய விழைந்தபோது, குடும்பம் குறுக்கே நின்றது. பாஸ்டனில் திருமண உரிமத்துக்கு விண்ணப்பித்த செய்தி நாளேடுகளில் வெளியானதும், அன்னை அவரை அலபாமாவுக்கு அழைத்துச் சென்றார். அம்மணம் நிகழவேயில்லை. 1929இல் வெளிவந்த தன்வரலாற்று நூலில் அக்காதலை நன்றியோடே நினைவுகூர்ந்த அம்மையார், 1968 ஜூன் 1 அன்று மறைந்தார்.

ஏழு வயதில் உண்மையை அறியத் தக்கவளென மதிக்கப்பெற்றவர், முப்பத்தாறு வயதில் தம் வாழ்வைத் தாமே தேர்ந்துகொள்ளத் தக்கவரென மதிக்கப்பெறவில்லை. கல்வி, பிள்ளைக்கு மட்டும் போதாது. பெற்றோருக்கும் சுற்றத்தாருக்கும் அது வேண்டும். இளையோர் வினவும்போது நாணி ஒதுங்காது, அவர்க்கு விளங்கும் மொழியில் உண்மையைச் சொல்வதும், சொன்னபின் அவர்தம் விருப்பத்துக்குச் செவிசாய்ப்பதும் நம் கடன். சொல்லையே தொழிலாகக் கொண்ட நம்மனோர்க்கு அக்கடமை இன்னும் மிகுதி.