தாயகம் திரும்பிய நாவலர் பெருமான்

நல்லைநகர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமான் 1822ஆம் ஆண்டு நல்லூரில் அவதரித்தார். சென்னையிலும் சிதம்பரத்திலும் தங்கி நூல்களைப் பதிப்பித்தும் பிரசங்கங்கள் செய்தும் சைவமும் தமிழும் வளர்த்தார். 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையையும் தாபித்தார். 1870இல் அவர் யாழ்ப்பாணம் திரும்பியபோது, தமிழகமெங்கும் அவர் புகழ் பரவியிருந்தது. எனினும் அவர் ஊர் வந்தது ஓய்வு தேடி அன்று.

அக்காலத்தில் ஆங்கிலம் கற்கச் சென்ற சைவப் பிள்ளைகள் சிலர், திருநீறு அணிந்த காரணத்தால் பாடசாலையிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களுக்காக நாவலர் 1872இல் வண்ணார்பண்ணையில் சைவாங்கில வித்தியாசாலையை ஆரம்பித்தார். பொருள் வசதியின்மையால் அது நான்கு ஆண்டுகளே நடைபெற்றது. ஆனால் அவரது எண்ணம் அழியவில்லை. அவர் மறைந்தபின் 1888இல் சைவ பரிபாலன சபை உருவானது. அச்சபையின் முயற்சியால் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் தழைத்தது. அழிந்து கிடந்த திருக்கேதீச்சரத்தையும் கீரிமலைச் சிவாலயத்தையும் மீண்டும் கட்டியெழுப்புமாறு நாவலர் சைவ மக்களைத் தூண்டினார். அவ்விரு ஆலயங்களும் பின்னாளில் எழுந்தன.

1877ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. நாவலர் அன்பர்களிடம் பொருள் திரட்டி, வண்ணார்பண்ணையில் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளின் பசியைப் போக்கினார். ஏட்டுச் சுவடிகளைப் பரிசோதித்த அதே கைகள் பசித்தோருக்காகப் பிறரிடம் ஏந்தி நின்றன. மக்கள் துயரை உரியவாறு கவனிக்காத அரசாங்க அதிபரைக் கண்டித்து எழுதவும் அவர் அஞ்சவில்லை. 1879இல் சட்டசபைக்குத் தமிழர் பிரதிநிதியாக இளைஞரான பொன்னம்பலம் இராமநாதன் தெரிவுசெய்யப்பட வேண்டுமென முன்னின்று உழைத்தார்.

அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் திகதி, 57 வயது நிறைவதற்குச் சில நாட்களே இருக்கையில், கார்த்திகை மாத மக நட்சத்திரத்தில் நாவலர் சிவபதமடைந்தார். இல்லறம் புகாத அவருக்குப் பிள்ளைச் செல்வம் இல்லை. எனினும் அவர் எழுதிய பாலபாடமும் சைவவினாவிடையும் கற்ற ஒவ்வொரு பிள்ளையும் அவர் பிள்ளையே.

குருபூசை நாளில் அவர் படத்திற்கு மாலை சூட்டுவது நம் கடமை. அத்துடன் நின்றுவிடாது, ஆலயத்திலே பசித்தோருக்கு அன்னமும் பிள்ளைகளுக்குச் சமய அறிவும் தவறாது கிடைக்கச் செய்வோமாக. கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் கஞ்சித்தொட்டியையும் ஒரே சிவதொண்டாகக் கண்ட அப்பெருமானுக்கு அதுவே உண்மையான வழிபாடாகும்.